முன்பணம்: தறிக்குழியிலிருந்து லண்டன் வார்டு வரை



மறைந்தவர்களின் பெயரால் கூடும்போது அவர்கள் முடிக்காமல் விட்ட வேலையைப் பேசுவது நம் அமைப்பின் வழக்கம். இன்று நான் செவிலியர் வேலையைப் பற்றிப் பேசப்போகிறேன். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள நம் காலனிகளில் பிளஸ் டூ முடிக்கும் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள்தான் பளிச்சென்று தெரிகின்றன. ஒன்று, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்ற வரும் கம்பெனிப் பேருந்து. இன்னொன்று நர்சிங். நர்சிங் முடித்த பெண்ணிடம் உறவினர்கள் அடுத்துக் கேட்பது கல்யாணத்தைப் பற்றிக்கூட இல்லை. “எந்த நாட்டுக்கு எழுதியிருக்கே?” என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியை வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்க ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். முன்பணம். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அதைக் கோர்வையாக நெய்ய வேண்டும். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர் ஒருவரால் அது முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை வீச இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல ஆண்டுகள் பிள்ளைகளின் கையாக இருந்தது. பெற்றோருக்கு ஒரு தொகை முன்பணமாகக் கொடுக்கப்படும். தொகை திரும்பும்வரை பிள்ளை அந்தத் தறிக்கு உரியது. கூலியோ கடனைத் தொடாத அளவுக்குத்தான் இருக்கும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆனால் 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலின் குழந்தைக் கொத்தடிமைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தலித்துகளும் முஸ்லிம்களும் என்று அந்த அறிக்கை எழுதியது. தறி நம்முடையதில்லை, சேலையும் நம்முடையதில்லை. சேலைக்குள் போன விரல் மட்டும் நம் பிள்ளைகளுடையது. அந்த விரல் பட்ட பட்டு சாமிக்குச் சாத்தப்பட்டபோது யாரும் தீட்டுக் கழித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

முன்பணம் தறியோடு பிறந்ததில்லை. நெல்வயலில் அதற்கு வயது அதிகம். 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி எழுதிய குறிப்புகளைப் பஞ்சமி நிலப் போராட்டத்தின் வழியாக நாம் அனைவரும் அறிவோம். 1892-இல் அதையொட்டி வந்த அரசாணையைத்தான் 1994-இல் காரணை மண்ணில் நின்று கேட்டோம். அந்த அக்டோபரில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் இழந்தோம். அந்தக் குறிப்புகளில் நிலத்தைப் பற்றிய பகுதியையே நாம் அதிகம் படிக்கிறோம். கடனைப் பற்றிய பகுதியை நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். கல்யாணத்துக்கோ சாவுக்கோ மிராசுதாரரிடம் வாங்கிய சிறு தொகைக்காக ஒரு படியாள் தன்னையே எழுதிக்கொடுக்கிறான். குடிசை போட்டிருக்கும் மனையும் மிராசுதாரருடையது என்பதால் ஓடவும் முடியாது. சட்டப்படி அடிமை முறை ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்த காலம் அது. அடிமைச் சாசனம் போய்க் கடன் சீட்டு வந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த மாவட்டத்திலிருந்து கடல் தாண்டியவர்களும் அந்தச் சீட்டிலிருந்து தப்பத்தான் போனார்கள். 1860 நவம்பர் 16-ஆம் நாள் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். அதன்பின் 1911 வரை நேட்டாலுக்குக் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. சென்னையிலிருந்து ஏறியவர்களில் வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டத்தவர் ஏராளம். ஐந்தாண்டு ஒப்பந்தம். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாத்திரம் பயந்தது. நம் ஆட்கள் அதை நம்பித்தான் கப்பலேறினார்கள் என்று நான் சில சமயம் நினைத்துக்கொள்வதுண்டு. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க நினைத்தவர்கள் மீது நேட்டால் அரசு 1895-இல் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி போட்டது. கட்ட முடியாதவன் திரும்ப ஒப்பந்தத்துக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் கப்பலேற வேண்டும். உழைப்பு வேண்டும், உழைத்தவர் அங்கே குடியேறக் கூடாது. இந்த மூன்று பவுண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் அந்தத் தென்னாப்பிரிக்காவுக்குத்தான் போனார். ஆனால் எவருடைய முன்பணத்திலும் போகவில்லை. படித்தவராக, பத்திரிகை நடத்தியவராகப் போனார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1921-இல் திரும்பி வந்து சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நமக்குள்ள உரிமைக்காக 1924-இல் தீர்மானம் கொண்டுவந்தார். கடன் இல்லாமல் கடல் தாண்டியவரால் திரும்பி வந்து பேச முடிந்தது. கடனோடு போன பல்லாயிரம் பேரின் பெயர்கள் கப்பல் பதிவேட்டில், சாதி என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் கிடக்கின்றன.

இனி செவிலியத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் நோயாளியைத் தொட்டுப் பராமரிக்கும் வேலை எப்போதும் சாதிக் கேள்வியாகவே இருந்தது. ரத்தம், சீழ், மலம், பிரசவம் எல்லாம் தீட்டு. ஊரில் பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவர் சமூகப் பெண்கள், பல இடங்களில் நம் பெண்கள். குழந்தையை எடுக்கும்வரை அவள் கை வேண்டும். எடுத்த பிறகு அவள் வாசலுக்கு வெளியே நின்று கூலி வாங்கிக்கொள்வாள்.

1871-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்களின் உலகமாகத்தான் இருந்தது. தமிழ்ப் பெண்களுக்கான கதவு மிஷன் மருத்துவமனைகளில் திறந்தது. 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பிரசவங்கள் நடந்ததைப் பற்றி ஐடா ஸ்கடரின் வாழ்க்கைக் கதை சொல்லும். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், ஒரு சாதி இந்து என மூன்று கணவர்களும் ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்றார்கள். மூன்று பெண்களும் செத்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி 1900-இல் வேலூரில் வேலை தொடங்கினார். 1909-இல் அங்கே செவிலியர் பள்ளி வந்தது, 1946-இல் அதுவே பட்டப் படிப்பாக உயர்ந்தது. இந்தக் கதையைத் தேவனின் அழைப்பு என்று சொல்வார்கள். நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். அன்றிரவு அந்த வீடுகளில் மருத்துவச்சி ஒருத்தியாவது இருந்திருப்பாள். அவளைப் பற்றிக் கதை பேசுவதில்லை. ஐடாவுக்குப் பெயர் இருக்கிறது, கணவர்களுக்குச் சாதி இருக்கிறது, மருத்துவச்சிக்கு இரண்டும் இல்லை.

ஆரம்பகாலப் பயிற்சிக்கு யார் வந்தார்கள்? ஊர்த்தெருக் குடும்பங்கள் பெண்ணை அனுப்பவில்லை. அந்நிய ஆணின் உடலைத் தொடும் வேலை, இரவு வேலை, மலச்சட்டி எடுக்கும் வேலை. வந்தவர்கள் கிறித்தவப் பெண்கள், விதவைகள், மிஷன் விடுதிகளில் வளர்ந்த அநாதைப் பெண்கள். செங்கல்பட்டில் ஆதம் ஆண்ட்ரூவின் ஸ்காட்லாந்து மிஷன், திருவள்ளூர் பக்கம் வில்லியம் கௌடியின் வெஸ்லியன் மிஷன் என்று இந்தப் பகுதியில் சபைக்கு வந்த மக்கள் யார் என்று நமக்குத் தெரியும். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1920-களில் லேடி வெலிங்டன் தொழுநோய்க் குடியிருப்பு உருவானது. சொந்த வீட்டாரே தொட மறுத்த உடல்களுக்கு அங்கே கட்டுப் போட வேண்டியிருந்தது. தீட்டு என்று சொல்லி நம்மிடம் தள்ளப்பட்டிருந்த அந்த வேலைக்கு நவீன மருத்துவம் வெள்ளைச் சீருடையும் சான்றிதழும் மாதச் சம்பளமும் கொடுத்தது. நம் பெண்களுக்கு அது பெரிய திறப்பு. இதை மிஷனரிகளின் கருணை என்று சுருக்கிவிட எனக்கு விருப்பமில்லை. வேறு யாரும் செய்ய முன்வராத வேலையை எடுத்துக்கொண்டவர்களின் துணிச்சல் அதில் இருக்கிறது.

1946-இல் போர் குழு கணக்கெடுத்தபோது நாடு முழுவதற்கும் 7,000 செவிலியர்தான் இருந்தார்கள். 43,000 பேருக்கு ஒருவர். இந்த எண்ணுக்குப் பஞ்சத்தை மட்டும் காரணம் காட்டக் கூடாது. ஒரு சமூகம் தன் நோயாளிகளைத் தொட எவ்வளவு தயங்கியது என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

பிறகு விலை மாறியது. 1960-களில் கேரளத்துக் கிறித்தவப் பெண்கள் ஜெர்மனிக்குப் போனார்கள், 1970-களில் எண்ணெய்ப் பணத்தோடு வளைகுடா நாடுகள் திறந்தன, பிறகு அமெரிக்கா, பிரிட்டன். நர்ஸ் என்றால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசித்த வீடுகள், வெளிநாட்டு நர்ஸ் என்றதும் யோசனையைக் கைவிட்டன. தீட்டுக்கு அந்நியச் செலாவணியில் பரிகாரம் கிடைத்துவிட்டது. எல்லாச் சாதியினரும் இந்த வேலைக்கு வந்தது நல்லதுதான். ஆனால் வேலைக்கு மதிப்பு வந்த அதே வேகத்தில் வாசலில் கட்டணமும் வந்தது. தனியார் நர்சிங் கல்லூரிகள் பெருகின. நிர்வாக ஒதுக்கீட்டில் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களின் கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டிருந்த தமிழக அரசு, 2017-இல் அந்த இடங்களை உதவித்தொகையிலிருந்து நீக்கியது. அரசாணையில் ஒரு வரி மாறியது. அந்த வரிக்குப் பின்னால் எத்தனை வீடுகளில் நகை அடகுக்குப் போனது, எத்தனை பெண்கள் பட்டப் படிப்பை விட்டுக் குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புக்கு இறங்கினார்கள் என்று நம் அமைப்புகள் ஊர் ஊராகக் கணக்கெடுத்திருக்க வேண்டும்.

இன்று எந்த மருத்துவமனைக்கும் போய் வார்டைக் கவனியுங்கள். மேலே மருத்துவர், அடுத்துப் பட்டம் பெற்ற செவிலியர், அடுத்துச் சான்றிதழ் உதவியாளர், ஆயா, கடைசியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. நோயாளியின் கழிவை நெருங்க நெருங்க நம் எண்ணிக்கை கூடும். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, ஷிப்ட் மாறும் நேரத்தில் வார்டு வாசலில் நின்றால் போதும்.

பட்டம் வாங்கியவர்களின் நிலைமை என்ன? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வெழுதி அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற சொல்லை நம்பிக் காத்திருந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். தனியாரில் இன்னும் மோசம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, இடையில் போனால் பணம் கட்டு என்று பத்திரம் எழுதி வாங்குவது நாடெங்கும் வழக்கமாக இருந்தது. 2011, 2012-இல் மும்பையிலும் கேரளத்திலும் சென்னையிலும் செவிலியர் வேலைநிறுத்தங்கள் வெடித்ததற்கு அந்தப் பத்திரமும் ஒரு காரணம். உச்ச நீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-இல் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. இந்த ஊரில் அதில் பாதி வாங்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவள் ஏன் வெளிநாடு போக நினைக்கிறாள் என்று யாராவது ஒழுக்கம் பேசினால் அந்தச் சம்பளச் சீட்டைக் காட்டுங்கள்.

இப்போது லண்டனுக்குப் போவோம். என் சித்தி மகள் அங்கே வார்டு செவிலியர். அவளுடைய கணக்கை அவள் அனுமதியோடு சொல்கிறேன். 2024-25-இல் பிரிட்டன் பொது மருத்துவச் சேவையில் புதிதாகச் சேரும் செவிலியரின் அடிப்படை ஆண்டுச் சம்பளம் 29,970 பவுண்டு. உள் லண்டன் என்றால் விலைவாசிக்காக 20 சதவீதம் கூடும். ஏறத்தாழ 36,000. ஊரில் இதை ரூபாயில் பெருக்கி 38 லட்சம் என்று சொல்லும்போது வாய் பிளக்கும். வரி, காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போக மாதம் கையில் வருவது சுமார் 2,200 பவுண்டு. ஈஸ்ட் ஹாம் பக்கம் பிறரோடு பங்கிட்ட வீட்டில் ஓர் அறைக்கு அவள் 850 பவுண்டு கொடுக்கிறாள். போக்குவரத்து, சாப்பாடு, போன், பிறகு ஊருக்கு அனுப்ப வேண்டிய வட்டி. “அக்கா, நான் ரெண்டு ஊருக்கு வாடகை கட்டறேன்” என்றாள்.

அந்த வட்டி எதிலிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. அந்நாட்டுச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்யத் தகுதிச் சரிபார்ப்பு, கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து சுமார் 1,170 பவுண்டு. பல மருத்துவமனைகள் இதில் ஒரு பகுதியைத் தாங்களே ஏற்கின்றன. ஆளெடுப்பு முகவர்கள் செவிலியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் நெறிமுறை. ஆக நேரான வழியில் போனால் பெருங்கடன் ஆகாது. ஆனால் அதற்கு முன் ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி ஆங்கிலத் தேர்வு நிற்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் முதன்முதலாக ஆங்கிலப் பாடநூலைத் தொட்ட பெண் அங்கே இரண்டு முறை, மூன்று முறை தோற்கிறாள். ஒவ்வொரு முறையும் கட்டணம், பயிற்சி மையத்துக்குப் பணம். நேரான வழி எது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜெண்ட் வந்து உட்காருகிறான்.

2015-இல் குவைத் செவிலியர் ஆளெடுப்பில் ஒரு கொச்சி நிறுவனம் 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கியதாக சிபிஐ வழக்குப் போட்டது. அந்த ஆண்டே, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே எடுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அந்த நிறுவனம் 1978-இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். நல்ல உத்தரவு. ஆனால் அந்தப் பட்டியலில் பிரிட்டன் இல்லை.

2022 பிப்ரவரியில் பிரிட்டன் முதியோர் பராமரிப்பு வேலைக்கும் விசாவைத் திறந்தது. செவிலியர் தேர்வுகளில் தேற முடியாதவர்களிடம் “முதலில் கேர் ஒர்க்கராகப் போ, அங்கே போய் நர்ஸ் ஆகிக்கொள்ளலாம்” என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்கினார்கள். சொன்ன வேலை இல்லாமல், வேறு முதலாளியிடம் எளிதில் மாறவும் முடியாமல் நின்றவர்கள் பற்றி அந்நாட்டுப் பத்திரிகைகளே எழுதின. 2024 மார்ச்சில் அவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்றது அரசு. 2025 ஜூலையில் அந்த வழியே புதியவர்களுக்கு மூடப்பட்டது. விசா கொடுத்தவரை விட்டால் நாட்டை விட வேண்டும் என்ற நிலைக்கும், மனை மிராசுதாரருடையது என்ற நிலைக்கும் தூரம் எவ்வளவு என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள். முறையாகச் செவிலியராகப் போனவர்களிலும் சிலருடைய ஒப்பந்தத்தில், குறித்த காலத்துக்குள் விலகினால் ஆயிரக்கணக்கான பவுண்டு திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. அங்குள்ள செவிலியர் சங்கம் அதை எதிர்த்துப் பேசிவருகிறது. மூன்று பவுண்டு வரியை நினைவில் வைக்கச் சொன்னேன். ஐந்தாண்டு உழைத்தபின் நிரந்தரமாகத் தங்க 2024-இல் விண்ணப்பக் கட்டணம் ஒருவருக்கு 2,885 பவுண்டு. ஐந்தாண்டைப் பொதுவாகப் பத்தாண்டாக்கலாம் என்று 2025 மே மாதம் அந்த அரசு முன்மொழிந்திருக்கிறது.

அந்த ஊரும் படிநிலை அறியாத ஊரில்லை. 1948-இல் பொது மருத்துவச் சேவை தொடங்கியபோது கரீபியத் தீவுகளிலிருந்து கறுப்புப் பெண்களைச் செவிலியர் பயிற்சிக்கு அழைத்தார்கள். பலரை மூன்றாண்டு முழுப் பயிற்சிக்கு விடாமல், இரண்டாண்டு கீழ்நிலைப் பயிற்சிக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தச் சான்றிதழைச் சொந்த நாட்டில் ஏற்கவில்லை, பதவி உயர்வும் வரவில்லை. பலருக்கு அது கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது. நிறத்தின் பெயரால் அங்கே நடந்ததும் சாதியின் பெயரால் இங்கே நடந்ததும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு சமூகங்களும் கழிவைச் சுமக்க யாரைத் தேடின என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கறுப்பினச் செவிலியர்களின் நினைவுக் குறிப்புகள் நம் மாணவர்களின் வாசிப்புப் பட்டியலில் இருக்க வேண்டும்.

சாதி? சித்தி மகள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “வார்டுல வெள்ளைக்காரக் கிழவி என் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குவாங்க. வீட்டுலதான் கஷ்டம். அறை கேட்டுப் போனா முதல்ல ஊரைக் கேப்பாங்க. காஞ்சிபுரம்னா சந்தோஷம், பட்டான்னு கேப்பாங்க. அப்புறம் தெருவைக் கேப்பாங்க.” தெருப் பெயரைச் சொன்ன மறுநாள் அந்த அறை வேறு யாருக்கோ போய்விட்டதாம். பிரிட்டன் அரசு கேட்டு 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பதிவான நிகழ்வு இதைவிடக் கொடியது. உதவியாளரை நம்பியிருந்த ஒரு முதிய பெண்ணின் வீட்டில் ரவிதாசர் படம் இருந்தது. அதைப் பார்த்துச் சாதியைத் தெரிந்துகொண்ட இந்திய வம்சாவளி உதவியாளர் அவரைக் குளிப்பாட்ட மறுத்தார். தொடுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க இடம் விடப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றம் அதைக் கடமையாகவே மாற்றியது. 2018-இல் அரசு பின்வாங்கி, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. அப்போது கையிலிருந்த முக்கியமான தீர்ப்பு திர்க்கி வழக்கு. பீகாரிலிருந்து வீட்டுவேலைக்கு அழைத்துப் போகப்பட்ட ஆதிவாசிப் பெண் அவர். நாளுக்கு 18 மணிநேர வேலை, தரையில் படுக்கை. 2015-இல் அவருக்கு 1,83,773 பவுண்டு சம்பளப் பாக்கி தர உத்தரவானது. வம்சாவளியின் வழியாகச் சாதியும் வழக்காகலாம் என்று அந்த வழக்கில்தான் அங்குள்ள தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. போகிற நம் பெண்களிடம் பாஸ்போர்ட் நகலோடு இந்தத் தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கமும் இருக்க வேண்டும். அதை எழுதித் தர இந்த அவையில் சட்டம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள்.

“அப்போ போகலாமா வேண்டாமான்னு சொல்லுங்க” என்று கேட்பீர்கள். போகட்டும். எவருடைய முன்பணத்தில் போகிறாள் என்பதில்தான் நாம் தலையிட முடியும். அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் தாட்கோவும் நம் வரிப்பணத்தில் நடப்பவை. தாட்கோ நம் செவிலியர்களுக்கு வெளிநாட்டு மொழிப் பயிற்சி அறிவிக்கத் தொடங்கியிருக்கிறது. அந்த அறிவிப்பு காலனிக்குள் வருவதற்குள் கடைசி நாள் முடிந்துவிடுகிறது. ஏஜெண்டின் துண்டறிக்கை மட்டும் எப்படி முதல் நாளே வருகிறது? தேர்வுக் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் வட்டியில்லாக் கடன், பிரிட்டன் ஆளெடுப்புக்கும் அரசு நிறுவன வழி, நிர்வாக ஒதுக்கீட்டு உதவித்தொகை திரும்ப வருதல் ஆகிய கோரிக்கைகளை எழுதிக் கையெழுத்துக்காக வாசல் மேசையில் வைத்திருக்கிறோம்.

இன்னொரு வேண்டுகோள். இந்த மாவட்டத்து மிஷன் மருத்துவமனைகளில், திருமணியில், வேலூரில் பயிற்சி பெற்ற நம் முதல் தலைமுறைச் செவிலியர்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் ஒழுங்காகத் தொகுக்கப்படவில்லை. பாட்டி, பெரியம்மா, சபையில் மூத்த அம்மா என்று யாராவது இருப்பார்கள். பழைய சான்றிதழ், சீருடையில் எடுத்த படம், தொப்பி, சம்பளப் புத்தகம், எது இருந்தாலும் படம் எடுத்து, பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிக் கொண்டுவாருங்கள். தொப்பி கிடைத்தால் துவைக்காமல் கொண்டுவாருங்கள். உள்பக்கம் மையால் எண்ணோ பெயரோ எழுதியிருக்கலாம்.